சாக்கில் அச்சிட்ட ஒற்றை எண்: முயல் தீவனம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

முயல் தீவனக் கலவையை வகுக்கும் ஊட்டச்சத்து வல்லுநர்களுக்கும், அதைக் குச்சியாக்கி விற்கும் ஆலையினருக்கும், சோயாவுக்கு மாற்று தேடி ஆய்வு செய்யும் அறிஞர்களுக்கும்,

வணக்கம்.

நான் முயல் வளர்ப்பவன். தாயிடமிருந்து பிரித்த நாளிலிருந்து விற்பனை எடைக்கு வரும் வரை குட்டிகளைக் கையில் எடுத்து, வயிற்றைத் தடவி, புழுக்கையைப் பார்த்துப் பார்த்தே என் நாள் போகிறது. நீங்கள் போடும் கலவைக் கணக்கு கடைசியில் வந்து இறங்குவது அந்தக் குட்டிகளின் வயிற்றில்தான். அதனால் உங்களிடமே நேராகப் பேசிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் நடந்தது இது. வழக்கமாக வாங்கும் குச்சித் தீவனம். அதே சாக்கு, அதே பெயர், 'கச்சாப் புரதம் 16 சதவீதம்' என்ற அதே அச்சு. பிரித்துத் தொட்டியில் கொட்டியபோது குச்சி கொஞ்சம் வெளுத்திருந்தது. மோந்து பார்த்தேன். பயறை வறுக்காமல் அரைத்தால் ஒரு பச்சை வாசனை வருமே, அது. சரி, புதுச் சரக்கு போல என்று வைத்துவிட்டேன். 35 நாளில் பிரித்த குட்டிகள் அவை. ஐந்தாம் நாள் விடியற்காலை போய்ப் பார்த்தால், ஒரு குட்டி மட்டும் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தூக்கினேன். வயிறு உப்பி, உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் காதில் கேட்டது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தது; வலி வந்தால் முயல் அப்படித்தான் செய்யும். மதியத்துக்குள் போய்விட்டது. அந்தக் கூண்டில் இருந்த 7 குட்டிகளில் 3 அந்த வாரத்திலேயே போயின.

ஆலைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சோயாப் புண்ணாக்கு சரியாக வரவில்லை, அதற்குப் பதில் பயறு வகை சேர்த்திருக்கிறோம், ஆனால் புரதம் குறையவில்லை, அதே 16தான்" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. என் மனக்குறை தொடங்குவதே அந்த இடத்தில்தான்.

குட்டிகள் செத்ததற்குத் தீவனம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. தாயைப் பிரிந்த முதல் இரண்டு மூன்று வாரம் முயலுக்குக் கண்டம். ரத்தக் கழிச்சல் வரலாம், கிருமி வரலாம், ஒன்றுமே இல்லாமல் பயத்தினாலும் தீனி எடுக்காமல் போகலாம். ஆனால் தீவனத்தில் என்ன மாறியது, எவ்வளவு மாறியது என்று பார்ப்பதற்குச் சாக்கில் ஒரு வரி இல்லை. இருந்ததெல்லாம் 16 என்ற ஓர் எண். அது மாறவே இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோயாவுக்கு மாற்று தேடுவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். உலகில் விளையும் சோயாவில் ஏறக்குறைய 80 சதவீதம் பிரேசில், அமெரிக்கா, அர்ஜென்டினா என்ற மூன்றே நாடுகளில் விளைகிறது. அங்கே மழை பொய்த்தாலும் கப்பல் தாமதித்தாலும் எங்கோ ஒரு கூண்டில் இருக்கும் முயலுக்குத் தட்டுப்பாடு வருகிறது. அதைவிட முக்கியமான காரணம், சோயாப் புண்ணாக்கு முயலுக்கு அவ்வளவு அவசியமான பொருளே கிடையாது என்பது. அதில் 44 முதல் 48 சதவீதம் புரதம், நார் சொற்பம். வேகமாக வளரும் கோழிக்குஞ்சுக்கும் பன்றிக்குட்டிக்கும் அந்தச் செறிவு வேண்டும். வளரும் முயலுக்கு மொத்தக் கலவையில் 15, 16 சதவீதம் புரதம் இருந்தால் தாராளம். அதே கலவையில் அமிலத்தில் கரையாத நார் 18, 19 சதவீதம் வரை இருந்தாக வேண்டும். செறிவான சோயாவைக் கொட்டிவிட்டு, நார் போதவில்லையே என்று வைக்கோலையும் உமியையும் தேடிச் சேர்ப்பதைவிட, புரதமும் நாரும் சேர்ந்தே வரும் செடியைத் தேடுவதுதான் இந்த விலங்குக்குப் பொருத்தம். சூரியகாந்திப் புண்ணாக்கும் குதிரைமசாலும் ஐரோப்பாவின் முயல் தீவனங்களில் பல காலமாக முக்கிய இடம் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே மாற்றுங்கள். எதை வைத்து மாற்றுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

கச்சாப் புரதம் என்ற அளவு எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. 1883இல் டென்மார்க்கில் யோஹான் கெல்டால் என்ற வேதியியலாளர், ஒரு மதுபான ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, தானியத்தில் உள்ள நைட்ரஜனை அளக்க ஒரு வழி கண்டார். அந்த நைட்ரஜனை 6.25 ஆல் பெருக்கினால் வருவதே கச்சாப் புரதம். 16 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் உள்ளே 2.56 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான். அந்த நைட்ரஜன் நல்ல புரதத்தில் இருக்கிறதா, நாரோடு ஒட்டிக்கொண்டு செரிக்காமல் வெளியே போகப் போகிறதா, விஷத்தன்மையுள்ள ஒரு பொருளில் இருக்கிறதா என்று இந்த அளவுக்குத் தெரியாது. யூரியாவைக் கலந்தாலும் எண் ஏறும்.

சூபாபுல் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த இலையில் 25 சதவீதத்தை ஒட்டிப் புரதம் என்று எழுதியிருக்கும். பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதில் மைமோசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதுவே ஓர் அமினோ அமிலம்தான். அமினோ அமிலம் என்பது புரதத்தைக் கட்டும் செங்கல் மாதிரி; ஆனால் இது உடலைக் கட்டப் பயன்படாத அமினோ அமிலம். முயலுக்கு அதிகமாகக் கொடுத்தால் முடி கொட்டும், தீனி எடுப்பது குறையும், தைராய்டும் கெடும். கெல்டால் கணக்கில் அந்த மைமோசினின் நைட்ரஜனும் 'புரதம்' என்றே சேர்கிறது. முடியைக் கொட்ட வைக்கும் பொருளை உடம்பு வளர்க்கும் பொருளின் கணக்கில் எழுதுகிறோம்.

இதில் இன்னொன்றும் உண்டு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் சூபாபுல் ஒத்துப்போனதே, முயலுக்கு ஏன் ஆகாது என்று என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். ஹவாய்த் தீவின் ஆடுகளின் வயிற்றில் மைமோசினிலிருந்து வரும் நச்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ் 1980களில் கண்டார். பிறகு அதற்கு அவர் பெயரையே சேர்த்து வைத்தார்கள். ஆட்டுக்கு அந்த நுண்ணுயிர்ப் பட்டறை முன்வயிற்றில் இருக்கிறது. தின்றது முதலில் அங்கே போய்ப் பக்குவப்பட்டு, அப்புறம்தான் சிறுகுடலுக்கு வரும். முயலுக்கு வரிசை தலைகீழ். இரைப்பை, சிறுகுடல் எல்லாம் தாண்டித்தான் சீக்கம் என்ற பெரிய பை. நச்சு இருந்தால் அதைச் சிறுகுடல் உறிஞ்சிய பிறகே மீதி நுண்ணுயிரிடம் போய்ச் சேரும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் இருக்கும் காசிபோல் என்ற நச்சும் இதே கதைதான். வளர்ந்த மாடு அதைத் தாங்குகிறது என்பது முயல் குட்டிக்கு எந்த உத்தரவாதமும் ஆகாது. தயவுசெய்து மாட்டின் அட்டவணையைப் பார்த்து முயலுக்குக் கலவை போடாதீர்கள். கோழியின் அட்டவணையைப் பார்த்தும் போடாதீர்கள்.

அந்தச் சீக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புரதம் பற்றிய பேச்சு முழுவதும் அங்கே போய்த்தான் முடிகிறது. முயலின் செரிமானப் பாதையில் இருக்கும் மொத்தச் சரக்கில் ஏறக்குறைய 40 சதவீதம் அந்தப் பையில் இருக்கிறது. வீடு அடங்கிய நேரத்தில் சத்தம் காட்டாமல் கூண்டருகே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முயல் பின்னங்கால்களுக்கு நடுவே தலையைக் குனிந்து, ஆசனவாயிலிருந்தே நேராக எதையோ எடுத்து, மெல்லாமல் விழுங்கும். சீக்கத்தில் உருவான மென்புழுக்கை அது. சிறு திராட்சைக் கொத்துபோல் பளபளவென்று ஒட்டிக்கொண்டு வரும். கடினப் புழுக்கையைவிட அதில் புரதம் இரண்டு மடங்குக்கு நெருக்கம். பி வைட்டமின்களும் சேர்ந்திருக்கும். முயல் தன் புரதத்தில் ஒரு பகுதியை இப்படித் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆனால் அது ஒரு பகுதிதான். வேகமாக வளரும் குட்டிக்குத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலத்தையும், மெத்தியோனின், சிஸ்டின் என்ற கந்தக அமினோ அமிலங்களையும் அதுவே முழுவதும் தந்துவிடாது. அதனால் தீவனத்தில் லைசின் முக்கால் சதவீதத்துக்கு மேலும், மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 0.55 முதல் 0.6 சதவீதமும் வேண்டும் என்று நீங்களே வகுத்து வைத்திருக்கிறீர்கள்.

தீவனத்தில் புரதம் மிஞ்சினால் முதலில் தெரிவது கூண்டுக்கு அடியில்தான். வழக்கமாகக் கண்ணில் படாத மென்புழுக்கை தட்டில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். முயல் அதை எடுக்காமல் விட்டிருக்கும். காலையில் தட்டைக் கழுவும்போது கையில் பிசுபிசுவென்று ஒட்டும். அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மிஞ்சிய புரதம் வெளியே தெரியாமலும் வேலை செய்கிறது. சிறுகுடலில் செரிக்காத புரதம் சீக்கத்துக்குள் போய் விழுகிறது. அங்கே அது அமோனியாவாக மாறுகிறது. 6ஐ ஒட்டி இருக்க வேண்டிய pH எண் மேலே ஏறுகிறது, அதாவது அமிலத்தன்மை குறைகிறது. கிளாஸ்ட்ரிடியம், ஈ.கோலை போன்ற கிருமிகளுக்கு அது விருந்து. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு தீவனங்களிலும் கிலோவுக்கு 160 கிராம் புரதம். ஒன்றில் 80 சதவீதம் சிறுகுடலிலேயே செரிக்கிறது என்று வைத்தால் 32 கிராம் சீக்கத்துக்குப் போகும். இன்னொன்றில் 60 சதவீதம்தான் செரிக்கிறது என்றால் 64 கிராம். இரட்டிப்பு. சாக்கில் இரண்டுக்கும் ஒரே எண். அந்த 32 கிராம் வித்தியாசம்தான் 40 நாள் குட்டிக்குக் கழிச்சலாக வரக்கூடும்.

1996 கடைசியில் பிரான்சில் முயல் குட்டிகளுக்கு ஒரு குடல் நோய் தொடங்கி ஐரோப்பாவின் பல பண்ணைகளைச் சூறையாடியது. வயிறு உப்பும், தண்ணீர் குலுங்கும், சளி போலக் கழியும். அன்று பலர் தீவனத்தில் மருந்தைக் கலந்து சமாளித்தார்கள். வளர்ச்சிக்காக ஆண்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் நிறுத்தியது. நோய் வராதபோதே முன்கூட்டி வழக்கமாகக் கொடுப்பதற்கும் 2022 முதல் தடை வந்தது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் முன்பு கலவையின் பிழையை மருந்து மூடி மறைத்தது. இப்போது அந்தப் போர்வை இல்லை. பிழை இருந்தால் நேராகக் குட்டியின் மேல் விழும். அதே காலத்தில் ஆய்வுகள் நல்ல வழி ஒன்றையும் காட்டின. லைசின், மெத்தியோனின், திரியோனின் ஆகியவற்றைச் சரிக்கட்டிவிட்டால் மொத்தப் புரதத்தை 14, 15 சதவீதத்துக்கு இறக்கலாம், வளர்ச்சி பெரிதாகக் குறையாது, குடல் நோயும் குறையும். அதாவது சோயாவில் ஒரு பங்குக்கு மாற்றே தேட வேண்டாம். குறைத்தாலே போதும். ஆனால் சாக்கில் 14 என்று அச்சிட்டால் வாங்குகிறவர் "இது மட்டமான சரக்கு" என்று அடுத்த சாக்கைத் தூக்குவார். அந்த எண்ணை வைத்தே எங்களைப் பழக்கிவிட்டீர்கள். நாங்களும் பழகிவிட்டோம்.

சரி, எந்தச் செடி? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

சூரியகாந்திப் புண்ணாக்கில் தோல் எவ்வளவு நீக்கியது என்பதைப் பொறுத்து 28 முதல் 38 சதவீதம் வரை புரதம் இருக்கும். கோழிக்காரர் அந்தத் தோலைக் குறை என்பார். நமக்கு அது வரம். நாரும், லிக்னின் என்ற கட்டைத்தன்மையுள்ள பொருளும் அதிலிருந்தே வந்துவிடும். கந்தக அமினோ அமிலங்களும் தாராளம். ஆனால் லைசினில் கைவிட்டுவிடும். 100 கிலோ கலவையில் 12 கிலோ சோயாப் புண்ணாக்கு இருந்தது என்று வையுங்கள். 44 சதவீதக் கணக்கில் அது 5.3 கிலோ புரதம். அதே புரதத்துக்கு 30 சதவீதச் சூரியகாந்தி 17.6 கிலோ வேண்டும். எண் சமமாகிவிட்டது. லைசின்? சோயாவில் வந்தது ஏறக்குறைய 335 கிராம். சூரியகாந்தியில் வருவது 185 கிராமை ஒட்டித்தான். 150 கிராம் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை லைசினாகவே வாங்கிப் போடலாம், அல்லது லைசின் நிறைந்த பட்டாணியைக் கொஞ்சம் சேர்த்து ஈடுகட்டலாம். இரண்டும் செய்யாமல் விட்டால் குட்டி சாகாது; வளராமல் நிற்கும். ஒரு கிலோ தீவனத்துக்கு எவ்வளவு எடை ஏறியது என்று கணக்கெழுதும்போதுதான் எங்களுக்கு அது தெரியவரும். அதற்குள் அந்தத் தொகுதியே முடிந்திருக்கும். எள்ளுப் புண்ணாக்கும் இதே ரகம், மெத்தியோனினில் இன்னும் வளமானது, லைசினில் இன்னும் ஏழை.

பட்டாணி வகையில் லைசின் நன்றாக இருக்கிறது, மெத்தியோனின் போதாது. அதைவிடப் பெரிய விஷயம் மாவுச்சத்து. பட்டாணியில் புரதம் 20, 24 சதவீதம் என்றால் மாவுச்சத்து 45 சதவீதத்தை ஒட்டி. 12 கிலோ சோயாவின் புரதத்துக்கு 24, 25 கிலோ பட்டாணி போட வேண்டும். கூடவே 11 கிலோ மாவுச்சத்தும் வந்து உட்காரும். அந்த அளவுக்கு மக்காச்சோளத்தையோ பார்லியையோ எடுத்துவிட்டால் குறை இல்லை. எடுக்காமல் மேலே கொட்டினால், மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் இன்னும் முற்றாத குட்டியின் சீக்கத்துக்கு அதுவும் வழிந்து போகிறது, நாரின் பங்கும் சுருங்குகிறது. என் கூண்டுக்கு வந்த அந்த வெளுத்த குச்சியில் தானியம் குறைக்கப்பட்டதா என்று கேட்டேன். போனில் பேசியவருக்குத் தெரியவில்லை.

பச்சையாக அரைத்த பயறில் டிரிப்சின் தடுப்பான்கள் இருக்கும். அவை புரதம் செரிப்பதையே தடுக்கும். சூடு காட்டினால் அழியும். ஆனால் சூடு மிஞ்சினால் லைசின் சர்க்கரையோடு பிணைந்து வீணாகிவிடும். இந்த இரண்டு தவறிலும் நைட்ரஜன் அப்படியே இருக்கும், அதனால் 16ம் அப்படியே இருக்கும். இலையைக் காய வைப்பதிலும் இதே பாடம்தான். நிழலில் ஒழுங்காக உலர்ந்த முருங்கையிலையும் குதிரைமசாலும் பச்சை நிறத்தோடு மணக்கும். மூட்டம் கட்டிக் கருகி, புகையிலை நிறத்துக்கு வந்ததை அள்ளி முகர்ந்தால் கருகிய வெல்ல வாசனை வரும். ஆய்வகம் இரண்டுக்கும் ஒரே புரத அளவைத் தரலாம். என் முயல் தராது.

லூபின் என்ற பயறு வகைச் செடி பற்றி எனக்குத் தனி ஆர்வம் உண்டு. வெள்ளை லூபின் விதையில் புரதம் 35 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, எண்ணெய் 9, 10 சதவீதம், மாவுச்சத்து கிட்டத்தட்டக் கிடையாது, தோலில் நார் நிறைய. முயலுக்காகவே அளந்து செய்ததுபோல இருக்கிறது. பழைய லூபின் கசக்கும், அந்தக் கசப்பு ஆல்கலாய்டு நஞ்சு. 1920களின் இறுதியில் ஜெர்மனியில் ரைன்ஹோல்ட் ஃபொன் செங்புஷ் என்ற பயிர் வல்லுநர் ஏராளமான செடிகளைச் சோதித்துக் கசப்பில்லாதவற்றைப் பொறுக்கி எடுத்தார்; இன்று தீவனத்துக்கு வரும் இனிப்பு லூபின் அந்த உழைப்பின் தொடர்ச்சி. செக் நாட்டு ஆய்வாளர்கள் சோயாப் புண்ணாக்கையும் சூரியகாந்திப் புண்ணாக்கையும் எடுத்துவிட்டு வெள்ளை லூபினை வைத்து வளரும் முயல்களில் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். லைசினும் மெத்தியோனினும் குறைவு என்பதைக் கவனித்துச் சரிக்கட்ட வேண்டும், அவ்வளவுதான். இப்படி ஒரு விதை இருக்கும்போது, கலவை மாற்றம் என்றால் கைக்குக் கிடைத்த பயறை அள்ளிப் போடுவது என்று ஆகிவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

கடலைப் புண்ணாக்கு பற்றி ஒரே வார்த்தை: பூஞ்சை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளடாக்சின் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாகும் விலங்குகளில் முயலும் ஒன்று. உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் அளவே உயிரைக் குடிக்கும். ஒவ்வொரு சரக்கையும் சோதிக்க முடியாத ஆலை அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அசோலா என்ற நீர்ச்செடி பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். புரதம் 25 சதவீதம் என்பது உலர் நிலையில். குளத்திலிருந்து அள்ளிய ஒரு கிலோவில் 940 கிராமை ஒட்டித் தண்ணீர்தான். கையில் நிற்பது 15 கிராம் புரதம். கட்டுரையில் பச்சைக் கணக்கா உலர் கணக்கா என்று தெளிவாக எழுதாததால், வாளி நிறையப் பச்சையாகப் போட்டு, குட்டிகள் பசியோடு மெலிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆய்வு செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாற்றுப் புரதம் பற்றிய உங்கள் சோதனைகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். குழுவுக்கு 10 முயல், 12 முயல் வைத்து, தினசரி எடை ஏற்றம், இறைச்சி விகிதம் எல்லாம் அட்டவணை போட்டு, 'இத்தனை சதவீதம் வரை சேர்க்கலாம், பாதிப்பில்லை' என்று முடிக்கிறீர்கள். எடையைப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம். ஆனால் எனக்கு முதலில் வேண்டியது எத்தனை குட்டி பிழைக்கும் என்பது. சாவு 5 சதவீதமா 10 சதவீதமா என்று நம்பிக்கையோடு பிரித்தறிய ஒவ்வொரு குழுவிலும் நானூறுக்கும் மேல் முயல்கள் வேண்டும். புள்ளியியல் அப்படித்தான் சொல்கிறது. 10 முயலில் ஒன்று கூடச் சாகவில்லை என்பதால் பாதிப்பில்லை என்று எழுதிவிடாதீர்கள். ஒரே கலவையைப் பல இடங்களில் சேர்ந்து சோதியுங்கள். செத்ததையும், நோயுற்றுப் பிழைத்ததையும், கழிச்சல் கண்ட நாளையும் தனித்தனியே எழுதுங்கள். எங்களைப் போன்றவர்கள் கணக்கெழுதித் தரத் தயாராக இருக்கிறோம். என் நோட்டில் ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. கேட்டால் கொடுப்பேன்.

ஆலைகளிடம் கேட்பது இதைவிட எளிது. புரதம் எந்தச் செடியிலிருந்து வருகிறது என்பதைச் சாக்கில் எழுதுங்கள்; 'தாவரப் புரதங்கள்' என்று பொதுவாகப் போடாமல், சூரியகாந்தி, பட்டாணி, குதிரைமசால் என்று பெயர் சொல்லி, அதிகமிருப்பது முதலில் வரும்படி. கச்சாப் புரதத்துக்குப் பக்கத்திலேயே செரிக்கும் புரதம், லைசின், கந்தக அமினோ அமிலங்கள், மாவுச்சத்து, கரையாத நார் ஆகியவற்றின் அளவையும் கொடுங்கள். கலவைக் கணக்கு போடும்போது இவை எல்லாம் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக எதையும் அளக்கச் சொல்லவில்லை. உங்கள் தொழில் ரகசியத்தைக் கேட்கவும் இல்லை, இத்தனை கிலோ என்று சொல்ல வேண்டாம்.

அப்புறம், கலவையை மாற்றினால் சொல்லுங்கள். சாக்கின் வாயில் வேறு நிறத்தில் ஒரு சீட்டுத் தைத்தால் போதும். சீட்டைப் பார்த்தால் பழைய தீவனத்தில் கொஞ்சம் மீதி வைத்து, முதல் இரண்டு நாள் நான்கில் ஒரு பங்கு புதியது, பிறகு பாதி என்று 7 முதல் 10 நாளில் பழக்கிக்கொள்வோம். குட்டியைப் பிரிக்கும் வாரத்தில் புதுச் சாக்கைத் திறக்கவே மாட்டோம். அன்றைக்கு அந்தச் சீட்டு இருந்திருந்தால், வெளுத்த குச்சியை வளர்ந்த முயல்களுக்குக் கொடுத்துவிட்டு, பழைய சாக்கின் அடியில் இருந்த மீதியைக் குட்டிகளுக்கு ஒதுக்கியிருப்பேன். அது அவற்றுக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது கூண்டில் இரண்டு தாய்களிடம் 15 குட்டிகள் இருக்கின்றன. கண் திறந்துவிட்டன, தாயின் தொட்டியில் வாய் வைக்கத் தொடங்கிவிட்டன. இன்னும் 12 நாளில் பிரிக்க வேண்டும். புதுச் சாக்கு ஒன்று மூலையில் பிரிக்காமல் நிற்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று உங்களிடமிருந்து தெரிந்துகொண்ட பிறகு திறக்கலாம் என்று காத்திருக்கிறேன்.

அன்புடன்,
முயல் வளர்ப்பவர் ஒருவர்